பாலைவன பூட்ஸ்: எங்கே கடிக்கிறது, எதனால் கடிக்கிறது

ஓமானின் நடுப்பகுதியில், ஹைமாவைச் சுற்றியுள்ள வெட்டவெளியில், நில அளவைக் குழுவோடு 11 வருடம் நடந்திருக்கிறேன். முக்காலி, பிரிசம் கம்பி, தண்ணீர்க் கேன் என்று தோளில் சுமையோடு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஆகும். ஊரிலிருந்து புதிதாக வந்து சேரும் தம்பிகள் முதல் சம்பளம் கைக்கு வந்ததும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, எந்த பூட்ஸ் வாங்கட்டும்?" பதில் சொல்வதற்கு முன் போட்டிருப்பதைக் கழற்றச் சொல்வேன். எங்கே கடித்திருக்கிறது, எந்தப் பக்கம் சோல் தேய்ந்திருக்கிறது, சாக்ஸ் எங்கே ஓட்டையாகியிருக்கிறது என்று பார்த்தாலே அடுத்து வாங்க வேண்டியது எது என்று பாதி தெரிந்துவிடும். பிராண்டு பெயரெல்லாம் அப்புறம்தான்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் தொல்லை எதுவோ அதை மட்டும் படித்தாலும் போதும். ஆனால் முதல் பகுதியைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

கடையில் பஞ்சு போல இருந்தது, சைட்டில் ஒரே மாதத்தில் போய்விட்டது

டெசர்ட் பூட்ஸ் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு சாமான்கள் விற்கின்றன. முதலாவது, கணுக்கால் வரை மட்டும் வரும் ஸ்வேட் தோல் பூட்ஸ். இரண்டு அல்லது மூன்று ஜோடி லேஸ் துளைதான் இருக்கும். அடியில் தேன் நிறத்தில் மெத்தென்ற கிரேப் ரப்பர் சோல். தென்னாப்பிரிக்காவின் வெல்ட்ஸ்கூன் என்ற பழைய காலணியின் வழியில் வந்தது இது. இரண்டாம் உலகப் போரின்போது வடஆப்பிரிக்காவில் இருந்த அதிகாரிகள் கெய்ரோ கடைத்தெருவில் தைத்து வாங்கிப் போட்டார்கள். பர்மாவில் பணியில் இருந்த நேதன் கிளார்க் அதைச் சக அதிகாரிகளின் காலில் பார்த்து, ஊர் திரும்பி மாதிரி செய்து, 1949-ல் சிகாகோ காலணிக் கண்காட்சியில் வைத்தார். 1950-ல் கிளார்க்ஸ் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று மாலில் நீங்கள் பார்ப்பதெல்லாம் அதன் வாரிசுகள்தான்.

கிரேப் என்பது ரப்பர் பாலை உறையவைத்து, மெல்லிய தாள்களாக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி அழுத்திய பச்சை ரப்பர். இலங்கையில் இதை இன்றும் தனிச் சரக்காகவே செய்கிறார்கள். கந்தகம் சேர்த்துச் சூடாக்கிக் கெட்டிப்படுத்தாதது; அத்தனை மென்மையும் அதனால்தான் வருகிறது. சூட்டில் இளகி ஒட்டுவதும், டீசல் பட்டால் ஊறிக் கூழாவதும் அதே காரணத்தால்தான். ஜித்தத் அல் ஹராசீஸ் போன்ற கல் பரவிய சமவெளியில் கூர்ச்சில்லு அதைச் சீவிச் சீவி எடுத்துவிடும். வெள்ளிக்கிழமை மஸ்கட்டின் ரூவி கடைத்தெருவுக்குப் போகவும் ஆபீஸுக்கும் அருமையான பூட்ஸ். என்னிடமும் ஒரு ஜோடி இருக்கிறது, சைட்டுக்குப் போட்டதில்லை.

இரண்டாவது, ராணுவ மாதிரி. ஆறு அல்லது எட்டு அங்குல உயரம், மணல் நிறம், தோலின் உட்புறம் வெளியே தெரியும்படி தைத்திருப்பார்கள். அதனால் தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். பக்கவாட்டில் நைலான் துணி, அடியில் கெட்டி ரப்பர் சோல். நாள் முழுக்க வெளியில் நடக்கும் வேலைக்கு இதுதான். இனி வரும் பகுதிகள் பெரும்பாலும் இதைப் பற்றியவை.

குதிகாலில் கடிக்கிறது, கொப்புளம் வருகிறது

பத்துப் பேரில் ஆறேழு பேர் இதைச் சொல்லித்தான் வருவார்கள். எல்லோரும் பூட்ஸ் இறுக்கம் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் உண்மை நேர் எதிர்: குதிகால் பகுதி தொளதொளவென்று இருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் குதிகால் மேலே எழும்பி இறங்குகிறது. வியர்வையில் ஊறிய தோல் சாக்ஸோடு ஒட்டிக்கொள்ள, உள்ளே இருக்கும் எலும்பு மட்டும் முன்னும் பின்னும் நகர்கிறது. தோலின் அடுக்குகளுக்கு நடுவே அந்த இழுவையில் கிழிசல் விழுந்து நீர் கோக்கிறது. மேலே உரசுவது போலத் தோன்றினாலும் சேதம் உள்ளேதான்.

சோதித்துப் பாருங்கள். பூட்ஸைப் போட்டு லேஸைக் கட்டி, படியில் முன்பாதத்தை மட்டும் வைத்து ஏறுங்கள். குதிகால் அரை அங்குலத்துக்கு மேல் எழும்பினால் பூட்ஸ் பெரிது, அல்லது உங்கள் குதிகாலுக்கு ஏற்ற அச்சு இல்லை. கொஞ்சமாக எழும்பினால் லேஸாலேயே சரிசெய்யலாம். பாதமும் கணுக்காலும் சேரும் வளைவு வரை லேஸைக் கட்டுங்கள். அங்கே சாதாரணமாக ஒருமுறை குறுக்கே மாற்றுவதற்குப் பதில் இரண்டு முறை சுற்றி இறுக்குங்கள். அந்த முறுக்கு நழுவாமல் நிற்கும். கீழே இருக்கும் இறுக்கம் மேலே போகாது, மேலே இருப்பது கீழே வராது. அதற்கு மேல் கணுக்காலைச் சுற்றிக் கொஞ்சம் தளர்வாகவே கட்டலாம். இந்த ஒரு முறுக்கைக் கற்றுக்கொண்ட பிறகு பாதிப் பேருக்குக் கொப்புளம் நின்றிருக்கிறது.

அடுத்தது சாக்ஸ். பருத்தி சாக்ஸ் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், காயாது. ஊரில் அது நல்லது, இங்கே அதுதான் எதிரி. மெல்லிய மெரினோ கம்பளி கலந்ததோ, நைலான் பாலியெஸ்டர் கலந்ததோ வாங்குங்கள். பாலைவனத்தில் கம்பளியா என்று எல்லோரும் தயங்குவார்கள்; ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது சாக்ஸை மாற்றிவிடுவது இன்னும் நல்லது. ஈரமானதை வண்டிக் கண்ணாடியில் தொங்கவிட்டால் இருபது நிமிடத்தில் காய்ந்துவிடும்.

நடக்கும்போது ஓரிடம் சூடாக உறுத்தினால் உடனே உட்கார்ந்து, கால் காய்ந்ததும் பிளாஸ்டர் டேப் ஒட்டுங்கள். அடுத்த கம்பம் வரை போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம், அதற்குள் கொப்புளம் வந்துவிடும். வந்த கொப்புளத்தை உடைக்காதீர்கள்; தானே உடைந்தால் கழுவி, சுத்தமான கட்டுப் போடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்த விஷயத்தில் ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது. காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் புண் வந்ததே தெரியாது. தினமும் இரவு பாதத்தைத் திருப்பிப் பார்த்து, சின்னக் கீறல் தெரிந்தாலும் கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.

சாயங்காலம் பூட்ஸைக் கழற்றினால் ஒரு கைப்பிடி மணல்

மேலே கழுத்து வழியாக மணல் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். லேஸுக்கு அடியில் இருக்கும் பூட்ஸின் நாக்கைப் பாருங்கள். நாக்கின் இரு பக்கமும் பூட்ஸின் உடலோடு மடிப்புத் துணியாலோ தோலாலோ சேர்த்துத் தைத்திருக்கிறதா? எத்தனை துளை வரைக்கும்? இரண்டாவது துளையோடு நின்றுவிட்டால் அதற்கு மேல் எல்லாம் திறந்த வாசல்தான். கடைசித் துளைக்கு ஒன்றிரண்டு கீழே வரையாவது தைத்திருக்க வேண்டும். கடையிலேயே உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.

இன்னொரு வழி, உள்பாதப் பக்கம் இருக்கும் சின்ன உலோகத் துளைகள். காட்டுக்கும் சதுப்புக்கும் செய்த பூட்ஸில் தண்ணீர் வடிய வைத்த துளை அது. அமெரிக்க ராணுவம் பாலைவனத்துக்கென்று பூட்ஸை மாற்றியபோது, மணல் வருகிறது என்று அந்தத் துளைகளை எடுத்துவிட்டது. 1991 வளைகுடாப் போர்க் காலத்துப் பாடம் அது. ஆனாலும் "காற்றோட்டம்" என்று சொல்லி அதை இன்னும் விற்கிறார்கள். மாவு போன்ற மணல் உள்ள வஹீபா பக்கம் வேலை என்றால் அப்படிப்பட்டதை வாங்காதீர்கள்.

ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதா? கணுக்காலைச் சுற்றி மாட்டும் துணி உறை கிடைக்கும். அதுவும் இல்லையென்றால் பேன்ட் நுனியை எலாஸ்டிக் பட்டையால் பூட்ஸின் மேல் கட்டிக்கொள்ளுங்கள். மணல் அப்படியே கிடந்தால் காலை மட்டுமா அறுக்கிறது? உள்பக்கத் தையல் நூலையும் உப்புத்தாள் போல ராவிக்கொண்டே இருக்கும். வெளியே புதிதாகத் தெரியும் பூட்ஸ் திடீரென்று தையல் விட்டுப் போவது இதனால்தான். பாதத்துக்கு அடியில் உள்ளே போட்டிருக்கும் இன்சோலைத் தினமும் எடுத்துத் தட்டிவிடுங்கள்.

பாதம் எரிகிறது

கோடையில் நண்பகல் மணலின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மத்தியானம் 12.30 முதல் 3.30 வரை வெளி வேலை கூடாது என்று ஓமானில் சட்டமே இருக்கிறது. ஆனாலும் மூன்றரை மணிக்குத் திரும்ப இறங்கும்போது தரை ஆறியிருக்காது.

எரிச்சல் எங்கே என்று பிரித்துப் பாருங்கள். அடிப்பாதம் முழுக்க ஒரே மாதிரி சுட்டால் சோல் மெல்லியது. விலையைக் குறைக்க நடு அடுக்கை ஒல்லியாக்கிவிடுகிறார்கள். வெளியே இருக்கும் கெட்டி ரப்பர் வெறும் கவசம்தான். சூட்டைத் தடுப்பது அதற்கும் இன்சோலுக்கும் நடுவில் உள்ள நுரை அடுக்கு. பாதுகாப்பு பூட்ஸ் வாங்குகிறீர்கள் என்றால் நாக்கின் உள்பக்க லேபிளில் எச்ஐ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 150 டிகிரி மணல் தட்டில் பூட்ஸை வைத்து, அரை மணி நேரத்தில் உள்ளே 22 டிகிரிக்கு மேல் சூடு ஏறவில்லை என்று சோதித்த அடையாளம் அது. நமக்காகவே வைத்தது போன்ற சோதனை! எச்ஆர்ஓ என்ற மூன்று எழுத்து வேறு. அது 300 டிகிரி சூடான பரப்பை ஒரு நிமிடம் தொட்டாலும் சோல் உருகாது என்பதற்கு. சோல் தாங்கும், கால் குளிர்ச்சியாக இருக்கும் என்று பொருள் இல்லை. கடைக்காரர்கள் பலர் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறார்கள்.

விரல் நுனி மட்டும் சுட்டால், விரல்களைக் காக்க பூட்ஸின் முன்நுனியில் வைத்திருக்கும் இரும்புத் தொப்பி காரணமாக இருக்கலாம். கம்பெனி விதிப்படி முன்தொப்பி கட்டாயம் என்றால் கலவைப் பிளாஸ்டிக்கில் செய்த தொப்பியைக் கேளுங்கள். 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும் என்ற அதே விதிக்குள்தான் அதுவும் வருகிறது, சூட்டைக் கடத்துவது மட்டும் குறைவு.

பாதம் முழுக்க வெந்தது போல் புழுங்கினால் வாட்டர்புரூஃப் சவ்வு வைத்த பூட்ஸாக இருக்கும். மலைப்பிரதேசத்துக்கு நல்லது. இங்கே வியர்வை வெளியேறாமல் உள்ளேயே தங்கும், ஒருமுறை நனைந்தால் சீக்கிரம் காயாது. விலை அதிகம் என்பதால் உசத்தி என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். கறுப்பு நிறத்தையும் தவிர்த்துவிடுங்கள், வெயிலை அப்படியே குடிக்கும்.

பெருவிரல் நகம் கறுக்கிறது

மணல்மேட்டில் இறங்கும்போது பாதம் முன்னால் சறுக்கி விரல் முட்டுகிறது. முதலில் நகத்தை வெட்டுங்கள். பிறகு மேலே சொன்ன இரட்டை முறுக்கைப் போட்டுப் பாதத்தைப் பின்னால் நிறுத்துங்கள். அதன் பிறகும் முட்டினால் அளவு சிறிது.

இதில் ஒரு கணக்கு உண்டு. யூகே அளவில் ஒரு எண் என்பது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய 8.5 மில்லிமீட்டர். அரை எண் என்றால் 4 மில்லிமீட்டர் சொச்சம். ஐரோப்பிய அளவில் ஒரு எண் 6.7 மில்லிமீட்டர். யுஎஸ் எண் ஆண்களுக்கு யூகேயைவிட ஒன்று கூடுதலாக வரும். பெட்டியில் மூன்றும் இருக்கும். எது எது என்று பார்க்காமல் 9 என்று மட்டும் சொல்லி வாங்கியதால் நகம் போனவர்கள் உண்டு.

நீளம் சரியாக இருந்து சுண்டுவிரல் மட்டும் நசுங்குகிறதா? அப்படியானால் குறை அகலத்தில். செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த நம்மில் பலருக்கு முன்பாதம் விரிந்திருக்கும். அதற்காக ஒரு எண் பெரிதாக வாங்கினால் குதிகால் தொளதொளத்து முதல் தொல்லைக்கே திரும்பிவிடுவீர்கள். அதே எண்ணில் அகலமானதைக் கேளுங்கள். அமெரிக்க பூட்ஸில் டி என்பது சாதாரணம், இரட்டை ஈ என்பது அகலம்.

பாதத்தின் மேல்பக்கம் வலி, விரல் மரத்துப்போகிறது

லேஸ் நரம்பை அழுத்துகிறது. வலிக்கும் இடத்துக்கு நேரே மட்டும் குறுக்கே மாற்றாமல், லேஸை நேராக மேல் துளைக்கு ஏற்றிவிடுங்கள். அங்கே ஒரு ஜன்னல் போல இடைவெளி விழும். அன்றைக்கே தெரிந்துவிடும்.

சோல் வாய் பிளக்கிறது

இதில் மூன்று நோய்கள் ஒரே முகத்தோடு வருகின்றன.

முன்நுனியில் மட்டும் மெல்லத் திறந்தால் பசை விட்டிருக்கிறது. பூட்ஸைக் கழற்றி பிக்கப்பின் பின்னால், வெயிலில், இரும்புத் தட்டின்மேல் போட்டு வைப்பவர்களுக்கு இது சீக்கிரம் வரும். சூட்டில் பசை இளகும். செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துச் சுரண்டி, பசை போட்டு, ஓரம் சுற்றித் தைத்து வாங்கினால் இன்னும் பல மாதம் வரும்.

தையல் போட்ட சோலில் நூல் தேய்ந்து அறுந்திருந்தால் அதுவும் பிழைக்கக்கூடிய பூட்ஸ்தான். வாங்கும்போதே சோலின் ஓரத்தைப் பாருங்கள்: தையல் போல அச்சுப் பதித்து ஏமாற்றுவது உண்டு. நகத்தால் நெருடினால் உண்மையான நூல் தனியாகத் தட்டுப்படும், அச்சு வழுக்கும்.

மூன்றாவதுதான் மனதை நோகடிப்பது. எங்கள் கேம்பில் சீனியர் ஒருவர், ராமநாதபுரத்துக்காரர், நல்ல விலை கொடுத்து வாங்கிய பூட்ஸைப் பெட்டியோடு சலாலாவில் தம்பி அறையில் வைத்துவிட்டு ஊருக்குப் போனார். வீட்டு விஷயம் இழுத்துக்கொண்டு போனதில் திரும்பி வர நான்கு வருடம் ஆகிவிட்டது. வந்து போட்டார். பூட்ஸ் மேலே அப்படியே புதுசு. வாசலில் இருந்து வண்டி வரை நடந்தார், பின்னால் பழுப்புத் துண்டுகள் வரிசையாகக் கிடந்தன. குனிந்து ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினேன், ஊறிப்போன வறுக்கி போல உதிர்ந்தது. நடு அடுக்கு பாலியூரிதேன் நுரை. காற்றில் உள்ள ஈரம் அந்த நுரையின் வேதிப் பிணைப்பை வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடுகிறது. சலாலாவின் கரீஃப் மழைக்காலக் காற்று அதற்குப் போதும். நடந்தாலும் நடக்காவிட்டாலும் நடக்கும் விஷயம் இது. பெட்டியில் காற்றாடாமல் வைத்திருப்பது இன்னும் கெடுதல். இதைப் பசை போட்டு மீட்க முடியாது. ஆகவே பாலியூரிதேன் அடுக்குள்ள பூட்ஸைத் தள்ளுபடி விலையில் இரண்டு மூன்று ஜோடி வாங்கிச் சேர்க்காதீர்கள். செய்த மாதமும் வருடமும் சோலிலோ லேபிளிலோ இருந்தால் பார்த்து, பழைய சரக்கைத் திருப்பிக் கொடுங்கள். கட்டைவிரலால் நடு அடுக்கை அழுத்தினால் வெடிப்புக் கோடு தெரிகிறதா என்றும் பாருங்கள். ஈவிஏ என்ற இன்னொரு வகை நுரைக்கு இந்த நோய் கிடையாது, ஆனால் அது சீக்கிரம் அமுங்கித் தட்டையாகிவிடும். நாள் முழுக்கச் சுமையோடு நடப்பவர்களுக்கு நான் புதிய பாலியூரிதேனையே சொல்வேன், வாங்கியதைத் தினமும் போட்டுத் தேய்ப்பதாக இருந்தால்.

தோல் வெடிக்கிறது, வெள்ளை பூக்கிறது

வெள்ளை என்பது உப்பு. பாதி உங்கள் வியர்வை, மீதி சப்கா என்று இங்கே சொல்லும் உப்பளத் தரை. உப்பு தோலில் இருக்கும் எண்ணெய்ப் பசையைப் போக்கிக் காயவைத்து, மடியும் இடத்தில் கீறிவிடும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் பூட்ஸ் முழுவதையும் துடையுங்கள். கறை உள்ள இடத்தை மட்டும் துடைத்தால் ஓரத்தில் வளையம் விழும். உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவையுங்கள். ஏசியின் வெளிப்பெட்டி முன்னால் வைத்துச் சுடச்சுடக் காயவைப்பதை இங்கே நிறையப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம், ஒரே நாளில் தோல் பலகையாகிவிடும். காய்ந்த பிறகு கடின பிரஷ்ஷால் ஒரே திசையில் தேய்த்தால் சொரசொரப்பு திரும்ப எழும். சொரசொரத் தோலுக்குப் பாலிஷ் போடவே கூடாது. இழைகள் படிந்து, தோல் மூச்சு விட முடியாமல் போகும்.

முள் உள்ளே வருகிறது

இங்கே வாதி என்று சொல்லும் வறண்ட ஆற்றுப்படுகை ஓரங்களில் நிற்கும் சமுர் மரம் எங்கள் ஊர் உடைமரத்துக்குப் பங்காளி. அதே குடை விரிப்பு, அதே வெள்ளை முள். மென்சோலைத் துளைத்து நேராக உள்ளே வரும். பாதுகாப்பு பூட்ஸின் குறி எஸ்1பி என்று தொடங்கினால் துளைப்பைத் தடுக்கும் அடுக்கு இருக்கும். இரும்புத் தகடு, நெய்த இழை என்று இரண்டு வகை உண்டு. இழை வகை எடை குறைவு, சூடு குறைவு, பாதத்தோடு வளையும். மிக மெல்லிய ஆணிக்கு இரும்புதான் கெட்டி. கட்டிடச் சைட்டில் ஆணிப் பலகைகளுக்கு நடுவே வேலை என்றால் இரும்பு, நடை வேலை என்றால் இழை.

நாற்றம்

ஒரே ஜோடியைத் தினமும் போடுவதுதான் காரணம். உள்ளே ஊறிய ஈரம் ஓர் இரவில் காயாது. இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டால் நாற்றமும் போகும், இரண்டும் கூடுதல் நாள் உழைக்கும். இன்சோலைத் தினமும் வெளியே எடுத்து வையுங்கள். வாரம் ஒருமுறை ஆப்பச் சோடாவைத் தூவி இரவு முழுக்க விட்டுக் காலையில் தட்டிவிடுங்கள். தட்டுவது தேள் விஷயத்துக்கும் ஆகும். வெளியே வைத்த பூட்ஸைத் தலைகீழாகத் தட்டாமல் காலை விடாதீர்கள்.

சரி, புதிது வாங்கப் போகிறீர்கள்

சாயங்காலம் போங்கள். நாள் முழுக்க நின்ற கால் வீங்கியிருக்கும், பாலைவனத்தில் உங்கள் காலின் உண்மையான அளவு அதுதான். சைட்டுக்குப் போடும் சாக்ஸையே எடுத்துப் போங்கள். இரண்டு காலிலும் போட்டு, பெரிய காலுக்கு அளவு பாருங்கள். லேஸ் கட்டாமல் பாதத்தை முன்னால் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும்.

பூட்ஸைக் கையில் எடுத்து, குதியையும் நுனியையும் பிடித்துத் துணி பிழிவது போல முறுக்கிப் பாருங்கள். எளிதாக முறுக்கினால் கல்தரையில் கணுக்கால் பிசகும். அடுத்து மடியுங்கள். விரல்கள் தொடங்கும் இடத்தில் மடிய வேண்டும், நடுப்பாதத்தில் மடிந்தால் வைத்துவிடுங்கள். குதிகால் சுவரைப் பக்கவாட்டில் அழுத்துங்கள், அட்டை போல அமுங்கக் கூடாது.

வாங்கி வந்ததும் நேரே சைட்டுக்குப் போட்டுப் போகாதீர்கள். முதல் வாரம் அறைக்குள், கார்பெட்டின்மேல், சமைக்கும்போதும் வீட்டுக்குப் போன் பேசும்போதும் தினம் ஒரு மணி நேரம் போட்டிருங்கள். அப்போதே எங்காவது சூடாக உறுத்தினால் பில்லோடு கடைக்குத் திரும்பிப் போங்கள். சோலில் மண் படாத பூட்ஸைத்தான் மாற்றித் தருவார்கள்.